இசட்ரேம் எவ்வளவு ரேமைப் பிடித்திருக்கிறது? ஃப்ரீ, இசட்ரேம்சிடிஎல், எம்எம்_ஸ்டாட்: எதை நம்பலாம்?

2020-இல் வந்த ஃபெடோரா 33 முதல், அந்த லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இசட்ரேம் ஸ்வாப் இயல்பாகவே இயங்குகிறது. ரேம் போதாதபோது டிஸ்க்கிலுள்ள ஸ்வாப் பகுதிக்குப் போக வேண்டிய பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சரி, அதற்கு உண்மையில் எவ்வளவு ரேம் செலவாகிறது?

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கட்டளையை. இந்தக் கேள்விக்கு அதை நம்பவே கூடாது. ஸ்வாப் வரியில் 2 ஜிபி என்று வந்தால், அது சுருக்குவதற்கு முந்தைய அளவு. சுருங்கிய பிறகு அது 600 எம்பிதான் என்று வைத்துக்கொள்வோம். அந்த 600 எம்பியும் மேலே ரேம் வரியின் பயன்பாட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். இரண்டு வரியையும் கூட்டினால் கணக்கு தப்பு. ஸ்வாப் பகுதிகளைப் பட்டியலிடும் ஸ்வாப்ஆன் கட்டளை காட்டுவதும் இதே சுருக்காத அளவுதான்.

இசட்ரேமுக்கென்றே உள்ள இசட்ரேம்சிடிஎல் கட்டளை எவ்வளவோ மேல். டேட்டா (சுருக்காத அளவு), காம்ப்ர், டோட்டல் என மூன்று அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் தரும். இதில் பார்க்க வேண்டியது டோட்டல். காம்ப்ர் என்பது சுருங்கிய தரவு மட்டும். அதை அடுக்கிவைக்கும் இசட்எஸ்மாலாக் என்ற நினைவக ஒதுக்கி விடும் இடைவெளிகளும் சேர்ந்ததுதான் டோட்டல். இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், அந்த இடைவெளிகளை நெருக்கச் சொல்லும் காம்பேக்ட் கோப்பில் 1 எழுதிப் பார்க்கலாம். ஆனால் வழக்கமாக வரும் அட்டவணையில் உச்ச அளவு இருக்காது.

கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை எம்எம்_ஸ்டாட் கோப்பு. கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், இசட்ரேம்0 அடைவுக்குள் இருக்கிறது. தலைப்பே இல்லாத ஒரே வரி. முதல் ஐந்து எண்களும் பைட்டில் இருக்கும் என்பதால் எம், ஜி என்ற குறிகளைப் பிரித்தெடுக்கும் வேலை இல்லை. மூன்றாவது எண் இப்போதைய ரேம் செலவு, நான்காவது வரம்பு (0 என்றால் வரம்பே இல்லை), ஐந்தாவது இதுவரை தொட்ட உச்சம். எனக்கு மிகவும் உதவுவது இந்த ஐந்தாவதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்தால் இடையில் வந்துபோன ஏற்றம் கண்ணில் படாது. கெர்னல் அதைக் குறித்துவைத்திருக்கும். மெம்_யூஸ்டு_மேக்ஸ் கோப்பில் 0 எழுதினால் உச்சம் இப்போதைய அளவுக்குத் திரும்பும். அப்புறம் சோதனையை ஓட்டிவிட்டுப் படிக்கலாம்.

ஆறாவது எண்ணில் கவனம் தேவை: அது பைட் இல்லை, பக்கங்களின் எண்ணிக்கை. எட்டாவதும் அப்படியே, சுருங்க மறுத்து முழுசாகவே கிடக்கும் பக்கங்கள் அவை. இது ஏறினால் இசட்ரேமைப் பெரிதாக்குவதில் பலன் குறைவு.

எந்தப் பக்கம் நெடுநேரம் தொடப்படாமல் கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கெர்னலின் பிழைதேடும் கோப்புகள் உள்ள டீபக்எஃப்எஸ்ஸில் பிளாக்_ஸ்டேட் கோப்பு இருக்கிறது. கெர்னலில் அதற்கான கான்ஃபிக் இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு வரி என்பதால் தினசரிக் கண்காணிப்புக்கு அது ஒத்துவராது.