சிமெண்ட் கல் கொட்டகைக்கு வெளிப்பூச்சு: கைக்கலவையா, மூட்டைக் கலவையா?

சிமெண்ட் கல்லால் கட்டிய சிறு கொட்டகைக்குத் தாமே வெளிப்பூச்சு பூச நினைப்பவர், மணலும் சிமெண்டும் வாங்கிக் கலந்து இரண்டு பூச்சாகப் பூசலாம். அல்லது தண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டிய, நிறமூட்டிய மூட்டைக் கலவையை ஒரே பூச்சாகப் பூசலாம். புதியவருக்கு இரண்டாவதே எளிது என்பது பரவலான அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மூட்டைக் கலவையில் சிமெண்ட், மணல், நீர் விலக்கும் பொருள் எல்லாம் ஆலையிலேயே அளந்து சேர்க்கப்பட்டிருப்பதால் விகிதம் தவறாது. வர்ணம் அடிக்கும் வேலையும் மிச்சம். ஆனால் ஒரு சுவரைத் தொடங்கினால் மறுமூலை வரை நிறுத்தாமல் பூசியாக வேண்டும். நடுவில் விட்டால், நேற்றைய பூச்சும் இன்றைய பூச்சும் சேருமிடம் வடுவாகவே நிற்கும். 10 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ பிடிக்கும் என்றால், 8 சதுர மீட்டர் சுவருக்கு 130 கிலோவை ஒரே நாளில் கலந்து, ஏற்றி, மட்டம் பார்க்க வேண்டும். மேற்பரப்பைப் பல் வைத்த கருவியால் சுரண்டி முடிக்கும் வகையானால் அதற்கும் நேரம் பார்க்க வேண்டும்: முந்தினால் சாந்து பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டும், பிந்தினால் பல் இறங்காது.

கைக்கலவையில் அந்த அவசரம் குறைவு. சுமார் 10 மி.மீ. முதற்பூச்சைப் போட்டு, இறுகும் முன் கோடு கீறிவிட்டால் போதும். அதன் மேடுபள்ளத்தை இரண்டாம் பூச்சு மறைத்துவிடும் என்பதால், கை பழகுவதற்கான சுவர் இலவசமாகக் கிடைத்தது போலாகும். இங்கே ஆபத்து விகிதத்தில் இருக்கிறது. உறுதியாக இருக்கட்டும் என்று நான் முதலில் 1:3 என்று சிமெண்டைக் கூட்டிக் கலந்தேன். சில நாட்களில் சுவர் முழுவதும் சிலந்தி வலை போல் மயிரிழை வெடிப்புகள் ஓடின. சிமெண்ட் மிகுந்தால் சாந்து அதிகம் சுருங்கும். பூச்சு, தான் ஒட்டியிருக்கும் கல்லைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. பிறகு சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று வாளியால் அளந்து கலந்தபோது சாந்து வெண்ணெய் போல் கரண்டியில் வழுக்கியது. மண்வெட்டியால் அள்ளிப் போட்டால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலக்கும் குறுக்குவழி வேண்டாம். காற்றுக் குமிழி கூடிப் பூச்சு பலமிழக்கும்.

காய்ந்த கல்லின் மீது ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: நொடியில் மறைந்தால், அதே வேகத்தில் சாந்தின் நீரையும் உறிஞ்சி, மட்டப்பலகை நகரும் முன்பே அதை இறுக்கிவிடும். சுவரை ஈரமாக்க வேண்டும், ஆனால் நீர் பளபளக்கக் கூடாது. இது கைக்கலவைக்குச் சொன்னது. மூட்டைக் கலவைக்கு மூட்டையில் அச்சிட்டதே விதி.

மற்றவை இரண்டுக்கும் பொது: 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரிலும் சுடும் வெயிலிலும் பூசக் கூடாது, தரைக்கு மேல் சுமார் 150 மி.மீ. விட்டே பூச்சு தொடங்க வேண்டும். கதவு, ஜன்னல் மூலைகளில் வலைத்துண்டைச் சாய்வாகப் பதிக்க வேண்டும்.

உதவிக்கு ஒருவர் கலந்துகொண்டே இருக்க, இன்னொருவர் பூசிக்கொண்டே போக முடியுமானால், அதுவும் சுவர் சிறியதானால், மூட்டைக் கலவையை நானும் மறுக்க மாட்டேன்.