பழைய க்ரூசர் சைக்கிளின் வயதை எது சொல்லும்: பேட்ஜா, வரிசை எண்ணா, ஹப்பா, ஃப்ரேமா?

பழைய அமெரிக்க க்ரூசர், அதாவது அகன்ற டயர் சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது ஹேண்டில்பாருக்குக் கீழே முன்குழாயில் உள்ள பெயர்த்தகடான பேட்ஜின் மீதுதான். ஆனால், இருக்கிற சான்றுகளிலேயே மிகக் குறைவாகப் பேசுவது அதுவே. ஜே.சி. ஹிக்கின்ஸ் என்பது சியர்ஸ் கடைகளின் பெயர், ஹாதார்ன் மான்ட்கோமரி வார்டின் பெயர், வெஸ்டர்ன் ஃப்ளையர் வெஸ்டர்ன் ஆட்டோவின் பெயர். இவர்கள் விற்றவர்களே தவிரச் செய்தவர்கள் அல்லர். போதாக்குறைக்கு, இரண்டு திருகுகளைக் கழற்றினால் பேட்ஜ் வேறொரு சைக்கிளுக்குப் போய்விடும் என்பதால், அதன் அடியில் பயன்படாத பழைய துளைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஊர்ப்பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் மட்டும் விதிவிலக்கு: சைக்கிள் செய்த மர்ரே நிறுவனம் டென்னசியின் லாரன்ஸ்பர்க்குக்கு மாறியது 1956இல் என்பதால், அவ்வூரின் பெயர் தாங்கிய சைக்கிள் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

வரிசை எண்ணின் மதிப்பு, செய்தவர் யார் என்பது தெரிந்திருப்பதைப் பொறுத்தது. அது தெரியாதவரை அது வெறும் எண்தான். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் செய்த சைக்கிளாக இருந்தால் நிலைமை வேறு. 1948 தீ விபத்தில் சிகாகோ ஆலையின் பழைய பதிவேடுகள் அழிந்துவிட்டபோதிலும், 1965 முதல் வரிசை எண்ணின் தொடக்கத்தில் உள்ள முதலெழுத்து மாதத்தையும் இரண்டாம் எழுத்து ஆண்டையும் குறிக்கின்றன: ஆண்டெழுத்தில் ஏ என்றால் 1965, பி என்றால் 1966. இங்கே ஓர் எச்சரிக்கை. துருவில் தேய்ந்த சி எழுத்து ஜி போலத் தெரிந்தால் 1967 என்பது 1971 ஆகிவிடும். அப்போது எண் பொறித்த இடத்தைப் பார்க்க வேண்டும்; 1967இல் அது பின்சக்கர அச்சு அமரும் இடப்பக்கத் தகட்டில் இருக்கும், 1971இல் முன்குழாயில் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்தே போய்விடும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதே என் வழக்கம்.

பாகங்களில் உள்ள குறியீடுகள் எண்ணைவிட நேரடியானவை. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் மையப் பாகத்தில், அதன் உடலிலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஷிமானோ நிறுவனத்தின் பாகங்களில் 1976 முதல் இரண்டெழுத்துகள், முதலாவது ஆண்டு, அடுத்தது மாதம். ஆனால் சக்கரம் மாறக்கூடியது. ஃப்ரேமைவிடச் சில மாதம் மூத்த ஹப் இயல்பானது. பத்தாண்டு இளைய ஹப் இருந்தால் யாரோ பின்சக்கரத்தையே மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஃப்ரேமும் ரிம்மும் செயினும்தான். ஷ்வின் 1933இல் 2.125 அங்குல பலூன் டயரைக் கொண்டுவந்த பிறகே இன்று நாம் க்ரூசர் என்று சொல்லும் உருவம் பிறந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல் வைத்த சக்கரத்தில் ஓடும், பல்லுக்குப் பல் ஓரங்குல இடைவெளி கொண்ட செயின் இருந்தால், பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய சைக்கிள். ரிம்மோ இன்னும் கறாரானது: 26 x 1¾ என்று பின்ன வடிவில் எழுதிய ஷ்வின் எஸ்-7 ரிம்மில், 26 x 1.75 என்று எழுதிய டயர் ஏறாது. முன்னதில் டயர் ரிம்மில் அமரும் விட்டம் 571 மி.மீ., பின்னதில் 559 மி.மீ. எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டும் எத்தனை டயர்களை வீணாக வாங்க வைத்திருக்கின்றன!

தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் ஆபத்துதான். 1949இல் வந்த பிளாக் ஃபாந்தம் என்ற மாடலை ஷ்வின் 1995இல் தன் நூற்றாண்டுக்காக அதே சாயலில் மீண்டும் வெளியிட்டது. ஆகவே நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் ஃப்ரேமை வைத்துச் செய்தவரைக் கண்டுபிடிப்பது, பிறகு அவருடைய எண்முறையில் ஆண்டைப் படிப்பது, அதற்குப் பின் ஹப்பைக் கொண்டு அதைச் சரிபார்ப்பது, பேட்ஜைக் கடைசியில், அதுவும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது.