ஃபார்மலின் நிரப்பி வரும் பயாப்ஸி டப்பா: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

சோதனைக்கு எடுக்கும் திசுவை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றியே வரும் இந்த டப்பாவை எண்டோஸ்கோபி அறைக்கும் சிறு அறுவை அரங்குக்கும் தாராளமாக வாங்கலாம். காரணம் டப்பா அல்ல, உள்ளே இருக்கும் திரவம். பல இடங்களில் கேனில் வரும் ஃபார்மலின் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து சமாளிக்கிறார்கள். பஃபர் உப்பு (அமிலத்தன்மை மாறாமல் காப்பது) சேராத அந்தக் கலவை நாளாக ஆக அமிலமாகும். ரத்தம் மிகுந்த திசுவில் கரும்பழுப்புத் துகள்கள் படிந்து ஸ்லைடு பார்ப்பவரைக் குழப்பும். நிரப்பி வரும் டப்பாவில் இருப்பது 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின். அந்தத் திரவத்தில் அசல் ஃபார்மால்டிஹைடு 4 சதவீதம்தான், மிரள வேண்டாம்.

அளவில்தான் ஏமாறுவோம். 20 மி.லி. டப்பாவில் திரவம் பெரும்பாலும் 10 மி.லி. மட்டுமே. திசுவின் கன அளவைப் போலக் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு திரவம் வேண்டும். ஊசி பயாப்ஸிக்கும் இரைப்பைத் துணுக்குக்கும் இது போதும். ஒன்றரை செ.மீ. பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) என்றால் 30 மி.லி. திரவமுள்ள 60 மி.லி. டப்பாவை எடுங்கள். வாய் அகலமாக இருக்கட்டும். வளைந்து கொடுத்து உள்ளே போன திசு விறைத்த பின் வெளியே வராது.

மூடியைச் சோதிக்காமல் மொத்தமாக வாங்காதீர்கள். சில டப்பாக்களை டிஷ்யூ பேப்பர் மேல் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள். கசிந்தால் திசு காயும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தரும் பொருள் என்பதும் நினைவிருக்கட்டும். லேபிள் ஒட்டப் போதிய இடமில்லாத டப்பாக்களும் வருகின்றன. பெயரை மூடியில் எழுதினால், இரண்டு மூடி மாறியதும் இரண்டு நோயாளிகள் மாறிவிடுவார்கள். லேபிளை டப்பாவின் உடம்பில்தான் ஒட்ட வேண்டும்.

எடுத்த திசுவை உலர்ந்த காஸ் துணியில் வைத்தால் ஒட்டிக் கிழியும், ஃபோர்செப்ஸால் நசுக்கினால் செல்கள் சிதையும். எவ்வளவு நல்ல டப்பாவும் அதைச் சரிசெய்யாது. மார்பகத் திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறலாம். எடுத்த நேரம், போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள்.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே எல்லாவற்றையும் இதில் போட்டுவிடும் ஆபத்து உண்டு. காசநோய் கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) துணுக்கு இதில் விழுந்தால் கிருமி செத்துவிடும். அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கும், தோல், சிறுநீரகத் திசுவில் ஒளிரும் சாயம் கொண்டு பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கும் இது ஆகாது. அதே டிரேயில் வேறு நிற மூடியுள்ள, எதுவும் ஊற்றாத ஸ்டெரைல் டப்பாக்களையும் வைத்திருங்கள்.