ஸ்லைடு அவுட் கோணலாக நின்றால் உடனே மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

ட்ராவல் ட்ரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களும் பழைய வண்டி வாங்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். ஸ்லைடு அவுட் என்பது, வண்டியை நிறுத்தியதும் பட்டனை அழுத்தினால் வெளியே நகர்ந்து உள்ளே இடத்தைப் பெரிதாக்கும் அறைப் பகுதி. அதைப் பழுது பார்க்கிறோம் என்று ஒரு சர்வீஸ் கடையில் எங்களிடம் பணம் கறந்துவிட்டார்கள்.

எங்கள் வண்டியில் இருப்பது எலெக்ட்ரிக் ஸ்லைடு. இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிய பல் சட்டம், பக்கத்துக்கு ஒரு சின்ன மோட்டார். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா என்று கண்ட்ரோலர் கவனித்துக்கொள்ளும். அது ஒருநாள் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பின்தங்கி, கோணலாக நின்றுவிட்டது. கடையில் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்ததோடு சரி. "ரெண்டு மோட்டாரும் போச்சு" என்றார்கள். மாற்றினார்கள், முழுப் பணமும் வாங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் கோணல்.

திரும்பப் போனபோது அடுத்த வலை விரித்தார்கள். "எலெக்ட்ரிக்னாலே இப்படித்தாங்க. ஹைட்ராலிக்கா மாத்திடுங்க, பேட்டரி தொல்லையே இருக்காது."

இது அப்பட்டமான பொய். ஹைட்ராலிக்கில் ஆயிலைத் தள்ளும் பம்பைச் சுற்றுவதே அதே பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் மோட்டார்தான். பேட்டரி படுத்தால் பம்பும் முனகும். அதோடு, சுவரில் ஓடும் ஸ்லைடைக் கழற்றிவிட்டு சிலிண்டர், ஹோஸ், ஆயில் டேங்க் எல்லாம் பொருத்துவது வண்டியின் அடிப்பாகத்தையே அறுத்துச் செய்யும் வேலை.

ஹைட்ராலிக்கை நான் குறை சொல்லவில்லை. சமையலறையே வெளியே வருகிற மாதிரி கனமான ஸ்லைடுக்கு அந்த பலம் வேண்டும். ஒரே பம்ப் பல ஸ்லைடுகளை இயக்கும், வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் ஜாக்கையும் சேர்த்தே தூக்கும். ஆனால் அந்த பம்ப் போனாலோ ஆயில் ஒழுகிப்போனாலோ எல்லாமே நின்றுவிடும். எலெக்ட்ரிக்கில் எடை குறைவு, ஆயில் கிடையாது, ஒன்று பழுதானாலும் மற்ற ஸ்லைடுகள் ஓடும். சரியான வோல்டேஜ் மட்டும் கிடைத்தாக வேண்டும்.

எங்கள் வண்டியில் கோளாறே அதுதான். எலெக்ட்ரிக் வேலை தெரிந்த நண்பர் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்தார். பேட்டரியில் 12.6 வோல்ட், குறையே இல்லை. என்னைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, கண்ட்ரோலருக்குப் போகும் வயரில் மீட்டரை வைத்தார். எண் சரசரவென்று 10-க்குக் கீழே இறங்கியது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், சேஸிஸில் அதை இறுக்கியிருந்த போல்ட்டைச் சுற்றி துரு, மேலே வெள்ளைப் பொடி. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கிவிட்டார். பிறகு ஸ்லைடு முழுதாக வெளியே வந்த பின்னும் பட்டனிலிருந்து விரலை எடுக்கவிடவில்லை. இரண்டு மோட்டாரும் தானாக நிற்கும்வரை அழுத்தியிருந்தால்தான் மறுபடி ஒன்றோடொன்று ஒத்துப்போகுமாம். அதோடு கோணல் போயே போச்சு.

கழற்றிய பழைய மோட்டார்களைக் கேட்டேன். "அன்னைக்கே குப்பையில போட்டாச்சு" என்று பதில்.

எந்தக் கடையானாலும், பட்டனை அழுத்தும்போது கண்ட்ரோலரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் என்றால் ஸ்லைடுகள் எல்லாம் உள்ளே இருக்கும்போது ஆயில் அளவைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

எங்கள் பில்லில் எந்த ரீடிங்கும் இல்லை. அதன் நகலை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கடைக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.