மெக்சிகோ சிட்டியில் எங்கே சாப்பிடலாம்: டாக்கோ கடையா, ஃபோண்டாவா?

சோள ரொட்டியில் இறைச்சி வைத்து மடித்துத் தரும் தெருமுனை டாக்கோ கடையில் நிற்பதா, ஃபோண்டா எனும் வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவதா என்று பலரும் குழம்புவார்கள்.

நேரம்: ஃபோண்டா மதியத்துக்கு. அல் பஸ்தோர் எனும் பன்றி இறைச்சி டாக்கோ பொழுது சாய்ந்த பிறகே களைகட்டும்.

செலவு: ஃபோண்டாவில் சூப், சோறு, ஒரு குழம்பு வகை, பழத் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரே விலை. டாக்கோவுக்கு எண்ணிக்கைக் கணக்கு.

ருசி: அல் பஸ்தோர் டாக்கோ என்னைக் கட்டிப்போடுவது இங்கேதான். அச்சியோட்டே எனும் சிவப்பு விதை மசாலாவும் மிளகாயும் ஊறிய பன்றி இறைச்சி செங்குத்துக் கம்பியில் சுழன்று வேகும். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வழி வந்தது இது. கத்தி ஒரு வீச்சு. மெல்லிய சீவல்கள் டோர்ட்டியா எனும் சோள ரொட்டியில் விழும், கூடவே ஓர் அன்னாசித் துண்டு. மேலே வெங்காயம், கொத்தமல்லி, பிழிந்த எலுமிச்சை. சல்சா எனும் காரச் சட்னியை முதலில் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கள். பச்சை என்றால் காரம் குறைவு என்று நம்ப வேண்டாம்.

ஃபோண்டாவின் பலம் மோலே எனும் மிளகாய் மசாலாக் குழம்பு போன்ற, நின்று நிதானமாகச் செய்த சமையல்.

சைவக்காரர்களுக்கு ஃபோண்டாவே வசதி; ஆனால் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட ஃபோண்டா. ராத்திரி 10 மணிக்குப் பசித்தால் யோசிக்காமல் டாக்கோ.