ரன்னிங் போர்டு சர்வீஸ் என்ற பெயரில் என் ஒரு மாதச் சம்பளம் போச்சு: பிக்கப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதை எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் பிக்கப்பில் பவர் ரன்னிங் போர்டு இருக்கிறது. கதவைத் திறந்தால் படி தானாக இறங்கும், மூடினால் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தப் படி இல்லாமல் அவரால் இந்த உயரத்துக்கு ஏறவே முடியாது. மழை, சேறு என்று மூன்று மாதம் ஓடிய பிறகு, அம்மா ஏறுகிற பக்கத்துப் படி மட்டும் கிரீச்சிட ஆரம்பித்தது. பாதி இறங்கி ஒரு நொடி நிற்கும், அப்புறம் இறங்கும். சில நாள் பாதி வரை வந்துவிட்டு அப்படியே உள்ளே திரும்பிவிடும்.

வண்டிகளுக்கு இந்த மாதிரி ஆக்சஸரி மாட்டித் தரும் கடை ஒன்றுக்குப் போனேன். பணத்தைத் திரும்ப வாங்க இன்னும் அலைந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

நான் ஏமாந்த இடம் இதுதான். கடைக்காரரே வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். டார்ச் அடித்து, என்னையும் குனியச் சொல்லி, கீலில் இருந்த துருவை விரலால் தொட்டுக் காட்டினார். கதவைத் திறந்து திறந்து மூடச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மோட்டார் போயிடுச்சு சார். லிங்க் எல்லாத்தையும் கழட்டிக் கழுவி, ஒவ்வொரு பின்னுக்கும் லூப் (மசகு) போட்டு, புது மோட்டார் மாட்டித் தர்றேன். அம்மா ஏறுற வண்டின்னு சொல்றீங்க, அதுல நான் விளையாட மாட்டேன்."

அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். அம்மாவைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளம். பேரம்கூடப் பேசாமல் முழுசாகக் கொடுத்தேன். பழைய மோட்டாரைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சாயங்காலம் வண்டியை எடுத்தபோது படி சத்தமில்லாமல் இறங்கியது. மிதிக்கிற பலகை கருகருவென்று பளபளத்தது. சந்தோஷமாக வந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா அந்தப் பலகையில் கால் வைத்தார், வழுக்கியது. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே படியின் விளிம்பு இடித்து, கணுக்கால் வரை கன்றிப்போனது. பலகையைத் தடவிப் பார்த்தால் விரல் சறுக்குகிறது. பளபளப்புக்காக மிதிக்கிற இடத்திலேயே சிலிக்கான் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்! கீலில் அடிக்க வேண்டியது அது. கால் வைக்கிற பலகையில் படவே கூடாது. சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று தடவை தேய்த்த பிறகுதான் பிடிப்பு வந்தது.

பதினோராம் நாள் பழைய கிரீச் திரும்பி வந்தது. பதிமூன்றாம் நாள் படி பாதியில் நின்றே விட்டது.

போன் செய்தேன். "ஓனர் வெளிய இருக்கார், நாளைக்குப் பேசுங்க." மறுநாள், "மோட்டார் செட் ஆக டைம் எடுக்கும் சார், ஓட்டுங்க." நான்கு நாள் கழித்து, "தண்ணியில விட்டிருப்பீங்க." ரன்னிங் போர்டு என்றால் தண்ணீரும் சேறும் படுகிற இடத்தில்தானே இருக்கிறது? அடுத்த தடவை, "அப்போ கன்ட்ரோலர் போயிருக்கும், அதுக்குத் தனி காசு." கன்ட்ரோலர் என்பது மோட்டாரை இயக்கி நிறுத்துகிற மின்பெட்டி. அதோடு என் நம்பரை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

நேற்று காலை மச்சானைக் கூப்பிட்டேன். அவருக்கு வயரிங் வேலை தெரியும். கதவைத் திறந்து, படி இறங்கிய வரைக்கும் இறங்கட்டும் என்று விட்டு, ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் அடியில் படுத்தோம்.

கீல் முழுக்கக் கெட்டிக் கிரீஸ். வெண்ணெய் அப்பிய மாதிரி அப்பியிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் வழித்தால் அதற்கு அடியில் காய்ந்த சேறு அப்படியே இருக்கிறது. கழுவவே இல்லை. சேற்றில் ஒட்டிய ஒரு வைக்கோல் துண்டுகூட இருந்த இடத்திலேயே இருந்தது. கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன், நறநறவென்று மணல். மண்ணும் கிரீஸும் கலந்தால் அது அரத்துக்குச் சமம், கீலின் பின்னையும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் வளையத்தையும் ஆட்டத்துக்கு ஆட்டம் தேய்க்கும்.

அப்புறம் மோட்டார். கடைக்காரர் டார்ச் அடித்துக் காட்டிய அன்றைக்கு, எதற்கோ ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதில் மோட்டார் ஸ்டிக்கரின் வலது மூலை கிழிந்திருக்கும். நேற்றும் அதே மூலை அதே மாதிரி கிழிந்திருந்தது. மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலைமேல் சேறு உடையாமல் ஒரே கோடாகப் போகிறது. ஸ்பேனர் அந்தப் பக்கமே போகவில்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?

கிரீஸை வழித்தெடுத்து, முன் கீல், பின் கீல் இரண்டிலும் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சி அரை மணி நேரம் கழுவினோம். மண் கரைந்து வந்துகொண்டே இருந்தது. நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு பின்னும் அசைகிற இடத்தில் கொஞ்சமாகச் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, வழிந்ததைத் துடைத்து, ஃபியூஸைப் போட்டுக் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினோம். படி சத்தமில்லாமல் இறங்கியது. "போயிடுச்சு" என்று அவர் சொன்ன அதே பழைய மோட்டார்!

மச்சான் விளக்கினார். கீலில் மண் அடைத்து இறுகினால் மோட்டார் முக்கி இழுக்கும், கரண்ட் கூடுதலாகப் போகும். ஏதோ குறுக்கே தடுக்கிறது என்று நினைத்து கன்ட்ரோலர் படியை நிறுத்திவிடும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். காலோ கையோ நசுங்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. பாதியில் நிற்பதைப் பார்த்ததும் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். கழுவிப் பார்த்தாலே பாதிப் பேருக்கு விஷயம் முடிந்துவிடும் என்கிறார் மச்சான். அதற்குப் போய் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தேன்.

மாலையில் போட்டோக்களோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "பில்லை எடுங்க" என்றார். எடுத்தேன். "ரன்னிங் போர்டு சர்வீஸ்" என்று ஒரே வரி, பக்கத்தில் தொகை. "இதுல மோட்டார்னு எங்க சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்காரரிடம் திரும்பினார். அங்கேயும் மல்லாந்து படுத்து டார்ச் அடிக்கப் போகிறார்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். படி சத்தம் போட்டால் முதலில் கீலைக் கழுவுங்கள். சேற்றில் ஓடினால் அடிக்கடி கழுவுங்கள், உப்புப் படுகிற சாலை என்றால் இன்னும் அடிக்கடி. கழுவிக் காய்ந்த பிறகுதான் லூப். அழுக்கின் மேல் கிரீஸ் அப்ப யாரையும் விடாதீர்கள். மிதிக்கிற பலகையில் எந்த ஸ்பிரேயும் வேண்டாம். ஃபியூஸைப் பிடுங்காமல் படிக்கும் வண்டிக்கும் நடுவில் கையை விடாதீர்கள், ஜாக் போடும்போதும் படியை ஆஃப் செய்துவிடுங்கள். எதையாவது மாற்றினேன் என்று கடைக்காரர் சொன்னால் பழையதைக் கையில் வாங்குங்கள், பில்லில் அந்தப் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு விடும் முன் போட்டோ எடுங்கள்.

அம்மா "விட்டுடுப்பா, படிதான் சரியாயிடுச்சே" என்கிறார். காலில் கன்றிய இடம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. நாளைக் காலையில் மச்சானோடு மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன்.