நாலாம் வகுப்புக்கு எந்தக் கூட்டுக் கருவி? டாக்ஸ், ஸ்லைட்ஸ், பேட்லெட், சீசா, வாட்ஸ்அப்

சின்னப் பிள்ளைகளை இணையத்தில் சேர்ந்து வேலை செய்யவைக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒரு விஷயத்தைக் கவனிப்பதே இல்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தமிழில் தட்டச்சு வராது. பேச வரும், கையால் எழுத வரும், படம் வரைய வரும். விசைப்பலகையில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகும். அதனால் பிள்ளை எதைக் கொண்டு தன் பங்கைச் செலுத்தப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற கருவியைத் தேடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே பாடத்தை எல்லாக் கருவிகளிலும் வைத்துப் பார்ப்போம். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இயல்பாகப் பொருந்தும் பாடம்: நம்ம ஊர்க் கண்மாய், அதாவது ஏரி. பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வர வேண்டும். கண்மாய்க்குப் பேர் என்ன, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைகள் எங்கே இருக்கின்றன, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம், நிரம்பினால் அப்படி வழியும் மறுகால் தண்ணீர் எங்கே போகும்?

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மேல்கண்மாய் நிரம்பி வழிந்தால் அது கீழ்க்கண்மாய்க்குப் போகும், அதிலிருந்து அடுத்ததற்கு. ஒரு பிள்ளைக்குத் தெரிவது ஒரு கண்மாய்தான். பத்துப் பிள்ளைகள் சொல்வதைச் சேர்த்துவைத்தால்தான் சங்கிலி தெரியும். கீழ்க்கண்மாய் பெரும்பாலும் பக்கத்து ஊரில் இருக்கும், அந்த ஊர்ப் பிள்ளைகள் வேறு பள்ளியில் படிப்பார்கள். சங்கிலியை ஒரு சார்ட்டில் வரையலாமே என்றால், தாராளமாக வரையலாம். ஒரே வகுப்புக்குள் முடிகிற வேலைக்குச் சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவுமே போதும், இணையம் தேவையில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியும் சேர வேண்டும், தாத்தாவின் குரலும் அதில் ஒட்டியிருக்க வேண்டும் என்றால்தான் இணையக் கருவிக்கு வேலை வருகிறது.

கூகுள் டாக்ஸ்

பெரியவர்களுக்கு இதைவிட எளிதான கூட்டுக் கருவி கிடையாது. அதனாலேயே ஆசிரியர்கள் முதலில் இதைக் கையில் எடுக்கிறார்கள். இணைப்பை அனுப்பிவிட்டால் எல்லோரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம். அதையே நாலாம் வகுப்பில் செய்தால், “டீச்சர், நான் எழுதுனத அழிச்சிட்டாங்க” என்ற புகார் நாலு மூலையிலிருந்தும் வரும். யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை. ஒரு பிள்ளை மேலே இரண்டு வரி சேர்த்தால் கீழே இருப்பவரின் வரி நகர்ந்துவிடும். அவர் பதறிப்போய் எதையாவது அழுத்துவார்.

யார் அழித்தது என்று கண்டுபிடிக்கலாமே என்றால், அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளைகள் கணக்கில் நுழையாமல் வெறும் இணைப்பு வழியே வந்திருந்தால், டாக்ஸ் அவர்களை ஏதோ ஒரு விலங்கின் பெயரில் அநாமதேயராகத்தான் காட்டும். பதிப்பு வரலாற்றில் பழைய நிலைக்குத் திரும்பிப் போகலாம், ஆனால் ஆள் தெரியாது. ஆள் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு வேண்டும். 13 வயது ஆகாத பிள்ளை தானாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது. பள்ளியே கல்விக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்கு எடுத்துத் தர வேண்டும். அடிப்படைப் பதிப்பு இலவசம்தான், ஆனால் அதை நிர்வகிக்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு ஆசிரியர் பள்ளியில் அந்த ஆள் யார்?

குரல் தட்டச்சில் தமிழ் இருக்கிறது, குரோமில் திறந்தால் வேலை செய்யும். ஆனால் “கம்மாய்ல தண்ணி கெடக்கு” என்று பிள்ளை இயல்பாகச் சொன்னால் தடுமாறும். நூல் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினால் நன்றாக எழுதும். அப்படிப் பேசச் சொன்னால் பிள்ளையின் பேச்சு செத்துப்போகும்.

டாக்ஸுக்கு என் வகுப்பில் ஓர் இடம் உண்டு, ஐந்தாம் வகுப்பில், இருவருக்கு ஓர் ஆவணம் என்ற அளவில். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகைப்பாட்டில், தொடக்க நிலையான அரும்பில் இருக்கும் பிள்ளை சொல்லச் சொல்ல, தேர்ந்த நிலையான மலரில் இருக்கும் பிள்ளை எழுதலாம். எழுத வராத பிள்ளையிடம் செய்தி நிறைய இருக்கும். சொல்லும் வாய்ப்பு இருவருக்கும் மாறி மாறி வருமாறு பார்த்துக்கொண்டால் இது அருமையான பயிற்சி. அதற்கு மேல் டாக்ஸை நீட்ட மாட்டேன்.

கூகுள் ஸ்லைட்ஸ்

டாக்ஸின் அதே கணக்கு, அதே சிக்கல்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஏழாவது ஸ்லைடு உன்னுடையது, எட்டாவது அவளுடையது. ஒருவர் எழுத்து இன்னொருவரை நகர்த்தாது. இடது ஓரத்தில் எல்லாப் பக்கங்களும் சின்னதாக வரிசையாகத் தெரிவதால், ஸ்மார்ட் போர்டில் திறந்துவைத்தால் யார் தொடங்கவே இல்லை என்பது ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்த வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளையின் அருகில், கேட்காமலேயே போய் நிற்கலாம்.

கண்மாய்ப் பாடத்தில் கடைசி ஸ்லைடைக் காலியாக விட்டு, அதில் எல்லாக் கண்மாய்களையும் அம்புக்குறியால் இணைக்கச் சொல்லலாம். அந்த வேலையை மட்டும் எல்லோரும் ஸ்மார்ட் போர்டின் முன் கூடி நின்று செய்யட்டும். ஒலியைச் சேர்ப்பதுதான் சிரமம். கோப்பை முதலில் டிரைவில் ஏற்றி, பிறகு செருக வேண்டும். பிள்ளையால் தனியாக முடியாது. தாத்தா குரல் இதில் எளிதில் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்லெட்

இந்தப் பாடத்துக்கு என் தேர்வு இதுதான். பேட்லெட் ஒரு பலகை. ஒவ்வொரு பிள்ளையும் ஒட்டுவது தனிச் சீட்டு. அடுத்தவர் சீட்டை வெறும் பங்கேற்பாளராக வந்தவர் அழிக்கவோ மாற்றவோ முடியாது, அந்த அளவில்தான் அனுமதி கொடுக்க வேண்டும். கணக்கு இல்லாமல், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உள்ளே வரலாம். எழுத்து, படம், குரல், காணொலி எது வேண்டுமானாலும் சீட்டில் போகும். நோட்டில் கையால் எழுதியதைப் புகைப்படம் எடுத்தே ஒட்டலாம். தட்டச்சு வராத பிள்ளை இங்கே பின்தங்குவதில்லை. பாட்டி சொன்னதை அரை நிமிடம் பதிவு செய்துவந்த பிள்ளையும், நாலு வரி எழுதிவந்த பிள்ளையும் ஒரே பலகையில் சமமாக நிற்கிறார்கள்.

இரண்டு அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஒன்று, ஆசிரியர் அனுமதித்த பிறகுதான் சீட்டு மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். தகாத சொற்களைத் தானாகப் பிடிக்கும் வசதியைத் தமிழுக்கு நம்பி இருக்காதீர்கள், நீங்களே பாருங்கள். இரண்டு, தொடக்கத்தில் கருத்துப் பகுதியையும் இதயம் போடும் வசதியையும் மூடிவையுங்கள். யார் சீட்டுக்கு எத்தனை இதயம் என்று பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தால் கண்மாய் மறந்துபோகும்.

பலகையின் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கலாம். விரித்த பலகையில் சீட்டுகளை இஷ்டம்போல் நகர்த்தி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே கோடு போட்டு இணைக்கும் வடிவம் உண்டு. மறுகால் போகும் திசையில் அந்தக் கோடுகளைப் போட்டால் கண்மாய்ச் சங்கிலி கண் முன்னே வந்துவிடும். இணைப்பைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினால், நம் பிள்ளைகளின் கடைசிச் சீட்டுக்குக் கீழே அவர்களின் முதல் சீட்டு வரும். நம்ம ஊர்த் தண்ணீர் அங்கே எந்த வயலுக்குப் போகிறது என்று அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். சார்ட்டில் இதைச் செய்ய வழியே இல்லை. நிலப்படத்தில் குத்தும் வடிவமும் இருக்கிறது, கண்மாயைக் குத்த அது சரி. “உன் வீடு எங்கே, குத்து” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

குறை என்றால், இலவசக் கணக்கில் கிடைப்பது ஒரு சில பலகைகள்தான். வருஷம் முழுக்க வாரம் ஒரு பலகை என்று திட்டமிட முடியாது. ஒரு பருவத்துக்கு ஒரு நல்ல வேலை என்று வைத்துக்கொண்டால் போதும். அதுவே பிள்ளைகளுக்கும் நல்லது.

சீசா

மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளை மனத்தில் வைத்தே செய்த கருவி இது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். வகுப்பின் கியூஆரை ஸ்கேன் செய்தால் பெயர்கள் வரும், பிள்ளை தன் பெயரைத் தொட்டு உள்ளே போகும். பள்ளியில் ஒரே டேப்லெட்தான் என்றாலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். தான் வரைந்த படத்தைப் புகைப்படம் எடுத்து, அதன் மேலேயே விரலால் காட்டிக்கொண்டு பேசிப் பதிவு செய்யலாம். ஆசிரியர் அனுமதித்த பிறகுதான் அது வகுப்பில் தெரியும். பெற்றோர் தம் பிள்ளையின் வேலையை மட்டும் பார்க்கலாம்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், முக்கியமாக வாசிப்புக்கு. ஜூனில் பதிவு செய்த குரலையும் ஜனவரியில் பதிவு செய்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மதிப்பெண் அட்டை தேவைப்படாது.

ஆனால் கூட்டு வேலை என்ற அளவில் இது பேட்லெட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஏடு, அதுதான் இதன் அமைப்பு. மற்றவர் வேலையைப் பார்க்கலாம், ஆசிரியர் திறந்துவிட்டால் கருத்துச் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக ஆகாது. கண்மாய்கள் தனித்தனியாகவே கிடக்கும், சங்கிலி வராது.

வாட்ஸ்அப்

உண்மையில் நம் பள்ளிகளில் எல்லோரும் பயன்படுத்துவது இதைத்தான், அதனால் விட்டுவிட முடியாது. எல்லா வீட்டிலும் இருக்கிறது, குரல் அனுப்பக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதே சமயம் அது அப்பாவின் போன், அவர் வேலை முடிந்து வரும்போதுதான் வீட்டுக்கு வரும். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் பிள்ளையின் கண்மாய் காணாமல்போகும். ஒரு பிள்ளையின் படம் குழுவுக்குள் போய்விட்டால் அது எங்கெல்லாம் அனுப்பப்படுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. தாத்தா குரலை ஆசிரியரின் எண்ணுக்குத் தனியாக அனுப்பச் சொல்லிப் பலகையில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப் அதோடு நிற்கட்டும்.

தட்டச்சுக்குத் திரும்பினால்

தட்டச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் தொடங்கலாம், ஆனால் எந்த விசைப்பலகையில் என்பது முக்கியம். ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் வரவைக்கும் முறை பெரியவர்களுக்குச் சுலபம். தமிழ் எழுத்துகளே இன்னும் முழுதாகக் கைவராத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், தமிழை ஆங்கிலம் வழியாக யோசிக்கப் பழக்கிவிடுகிறோம். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 அமைப்பில் க-வை அழுத்தி ஆ-வை அழுத்தினால் கா வரும். அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் புள்ளி தானாகவே விழுந்து அம்மா வரும். வகுப்பில் உயிர்மெய் சொல்லித்தருகிற அதே வரிசை. டேப்லெட்டில் விரலால் எழுதினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் தமிழுக்கு உண்டு. நாலாம் வகுப்புக்கு அதுவே நல்ல பாலம்.

2024 முதல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்டுகளும் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும் வந்திருக்கின்றன. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கருவி இல்லை என்பதும் உண்மை. ஒரு டேப்லெட், ஒரு ஸ்மார்ட் போர்டு என்ற நிலையில் டாக்ஸும் ஸ்லைட்ஸும் கிட்டத்தட்ட பயன்படாது. பேட்லெட்டும் சீசாவும் பயன்படும். பக்கத்து நடுநிலைப் பள்ளியின் ஹைடெக் லேப் வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் ஸ்லைட்ஸை யோசிக்கலாம்.

பெற்றோர் சம்மதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கருவிகள் அந்நாட்டுச் சட்டப்படி 13 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. நம்முடைய 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. எந்தக் கருவி என்றாலும் பெற்றோர் கூட்டத்தில் திரையில் காட்டி விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். பலகையில் பிள்ளையின் முதல் பெயர் போதும். முகம் தெரியும் படம் வேண்டாம். குரல் கொடுத்த தாத்தாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது நாளைக்கும் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பலர் சேர்ந்து இணையப் பக்கம் எழுத வகுப்பறைகளில் பரவலாக இருந்த விக்கிஸ்பேசஸ் 2018-இல் மூடப்பட்டது. கூகுளின் கூட்டு வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பரோடு முடிந்தது. பிள்ளைகள் காணொலியில் பேசிப் பதில் சொல்லும் ஃபிளிப் 2018-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், 2024 ஜூலையில் தனிச் செயலியாக இருப்பதை நிறுத்திக்கொண்டு அந்நிறுவனத்தின் டீம்ஸ் செயலிக்குள் அடங்கிவிட்டது. பேட்லெட் பலகையைப் பிடிஎஃபாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் பிடிஎஃபில் தாத்தா பேச மாட்டார். அதனால் ஒலிக்கோப்புகளைத் தனியாக இறக்கி, கண்மாயின் பெயரையே கோப்புக்குப் பெயராக வைத்து, பள்ளிக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் சேமித்துவையுங்கள். அடுத்த வருஷம் நாலாம் வகுப்புக்கு வருகிறவர்கள் விட்டுப்போன மடைகளையும் கண்மாய்களையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போகலாம்.